வருகவே என்று அழைத்த வாய்

திருத்தங்கல்
17.10.2006

அன்பு மருமகள் பர்ஹத்துக்கு,

உன் மீதும், என் பேரன் தவுபிக் மீதும், உன் பெற்றோர் மீதும் இறைவனின் சாந்தி பொழிவதாக.

மருத்துவமனையிலிருந்தே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ விருதுநகர் போய் ஒரு வாரம் ஆகப்போகிறது. தொலைபேசியில் அழைத்தால் உன் அத்தா எடுத்து, "தூங்குறா சம்பந்தி" என்கிறார். காலையிலும் தூங்குகிறாய், மாலை அஸர் தொழுகைக்குப் பின்னும் தூங்குகிறாய். ஆகவே பேனாவை எடுத்தேன்.

பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டுக்குள் அரிக்கிறதா? நோன்பு திறக்கும் ஒவ்வொரு வேளையும் அவனுக்காகவே முதல் துஆ. அம்மா, தவழ்வதும் விழுவதும் எழுவதும் நம் கையில் இல்லை. ஆதியில் எழுதுகோல் எழுதி முடித்த ஏட்டில் நாம் ஒரு புள்ளியையும் மாற்றுவதற்கில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய பெரியோர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்தார்கள். ஐந்தாம் திங்களில் செங்கீரை ஆடும். ஒன்பதில் சப்பாணி கொட்டும். பதின்மூன்றில் தளிர்நடை இட்டு வரும். அதை வருகைப் பருவம் என்றார்கள். நம் தவுபிக் பத்து மாதப் பாலகன். காலம் கிடக்கிறது. எலும்பு கூடிவிடும்.

என் மகன் நிஜாம் முன்கோபி. மருத்துவமனையில் அவன் பேசியதை நீ மனத்தில் வைக்காதே. பெருநாள் வருகிறது. தினசரிக் காலண்டர் சீசனும் உச்சத்தில் நிற்கிறது. தாளைக் கட்டி அட்டையில் பொருத்த ஆள் போதவில்லை. பெருநாளுக்கு முன் வந்துவிடு. நடந்தது விதி.

முகைதீன்


விருதுநகர்
20.10.2006

மாமா அவர்களுக்கு,

உங்கள் மீதும் சாந்தி நிலவட்டும். பர்ஹத் எழுதுகிறேன்.

நான் தூங்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் "சரிங்க மாமா" என்று சொல்லிவிடுவேன். மூன்று வருடப் பழக்கம். தாளில் என்றால் என்னால் "இல்லை" என்று எழுத முடிகிறது.

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல். கட்டுப் போட்ட காலை அவன் விறகைப் போல இழுத்துக்கொண்டு புரள்கிறான். நாளை தீபாவளி. தெருவில் வெடிக்கும் ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை. இதற்கு முன் வெடிச் சத்தத்துக்குச் சிரிப்பான்.

உங்கள் கடிதத்தில் விதி இருக்கிறது, பருவங்கள் இருக்கின்றன. வாக்கர் இல்லை. சாய்வுப் பலகை இல்லை. நீங்கள் இல்லை.

அன்று நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைய நான் அடுப்படிக்குப் போனது உண்மை. அவனை வாக்கரில் உட்கார்த்தி நடுக்கூடத்தில் விட்டதும் உண்மை. கூடத்துக் கதவை எப்போதும் போலச் சாத்தித்தான் வைத்திருந்தேன். பேப்பர் லோடு வந்ததும் நீங்கள் திறந்தீர்கள். தள்ளுவண்டி ஏற வேண்டும் என்று வாசற்படியின் மேல் பலகையைச் சாய்த்துப் போடச் சொன்னீர்கள். லாரிக்கார வெள்ளைத்துரை அண்ணனோடு முற்றத்தில் நின்றுகொண்டு, ராகத்தோடு, "வருகவே, வருகவே" என்று அழைத்தீர்கள். அடுப்படிக்கு நன்றாகக் கேட்டது. "என்ன பாய், பேரன் பைபாஸ்ல வார மாதிரில்லா வாரான்!" என்று அண்ணன் சிரித்ததும் கேட்டது. அடுத்துக் கேட்டது வாக்கர் பலகையில் உருண்டு கவிழ்ந்த சத்தமும் பிள்ளையின் அலறலும்.

மறுநாள் உங்கள் மகன், ஆர்டர் எடுக்கப் போயிருந்த விஜயவாடாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, "யாரு பாத்துக்கிட்டிருந்தா?" என்று கேட்டார். நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "வாக்கர்ல உக்கார வச்சிட்டு பர்ஹத் அடுப்படிக்குப் போயிருந்தா." ஒரு சொல்லில்கூடப் பொய் இல்லை. அத்தனை பேர் நடமாடும் வராந்தாவில் அவர் என்னைப் பார்த்து, "நீயெல்லாம் பெத்தவதானா? ஒத்தப் பிள்ளையப் பாக்க வக்கில்ல, உனக்கு எதுக்குப் பிள்ள?" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கையிலிருந்த தஸ்பீஹ் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எங்கள் வீட்டுச் சுவரிலும் நம் கம்பெனி காலண்டர்தான் தொங்குகிறது. இன்றைய தாளின் அடியில் நீங்கள் எழுதிக் கொடுத்த வாசகம்: "தன் பிழையைப் பிறர் தோளில் ஏற்றியவன் வெறுங்கையோடு நடப்பதில்லை, இரண்டு சுமை சுமக்கிறான்." கிழித்தேன். எறிய மனம் வராமல் அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பெருநாளுக்கு வரமாட்டேன். அழைத்தது நீங்கள் என்று உங்கள் மகனிடம் நீங்களே சொல்லும் வரை வரமாட்டேன். நான் சொன்னால் மாமனார் மேல் பழி போடும் மருமகளாவேன். அந்தப் பெயரும் எனக்கு வேண்டாம்.

பர்ஹத்


திருத்தங்கல்
27.10.2006

மகள் பர்ஹத்துக்கு,

உன் கடிதம் தீபாவளி கழிந்த திங்கட்கிழமையே வந்தது. பெருநாள் கழியட்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். வந்த அன்றே படித்தேன். பதில் எழுதும் துணிவுதான் வரவில்லை.

நீ எழுதியது அத்தனையும் மெய். அழைத்தவன் நான்.

நான் ஏன் அந்த வாக்கரை வாங்கினேன் என்று உனக்குத் தெரியாது. இரவு தராவீஹ் தொழுது பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும்போது ஒருவர் தம் பேரன் ஒன்பது மாதத்திலேயே நடந்துவிட்டான் என்று பெருமை பேசினார். என் நாவு சும்மா இருக்கவில்லை. "நம்ம தவுபிக் பெருநாளுக்கு என் விரலப் பிடிச்சு தெடலுக்கு நடந்து வருவான், பாருங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். மறுநாளே வாக்கர். வெல்வெட்டில் ஒரு சின்னத் தொப்பிக்கும் அளவு கொடுத்தேன். மிஷினில் தாள் கட்டிங் போடும் மாரிச்செல்வி அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இது பிள்ளைக்கா, இல்ல பண்டல் ஏத்தவா? நடக்குறப்ப நடக்கட்டும்யா, பந்தயமா வைக்கோம்?" என்று கேட்டாள். அவளை அதட்டினேன். பந்தயம்தான் வைத்திருந்தேன்.

பதின்மூன்றாம் திங்களுக்குரிய பாட்டைப் பத்தாம் திங்களில் பாடினேன், அம்மா. பருவங்களின் வரிசையைப் பிறருக்கு ஓதத் தெரிந்த எனக்கு, என் வீட்டுப் பிள்ளையிடம் அந்த வரிசைப்படி பொறுத்திருக்கத் தெரியவில்லை. சக்கரத்தின் மேல் அவன் விரைந்து வந்ததை நடை என்று எண்ணி மகிழ்ந்தேன். வெள்ளைத்துரை பார்க்கட்டும் என்று இன்னும் உரக்க அழைத்தேன். பலகை என் காலடியில்தான் முடிந்தது. குனிந்து பிடிக்கும் தூரம். பிடிக்கவில்லை, பாடிக்கொண்டிருந்தேன்.

பெருநாள் தொழுகைத் திடலில், "பேரன் எங்க முகைதீன் பாய்? நடந்து வருவாம்னீகளே!" என்று கேட்டார்கள். "தாய்வீட்டுக்குப் போயிருக்கான்" என்றேன். பார், மறுபடியும் பிழையில்லாத ஒரு வாக்கியம். முப்பது நாளும் வயிறு நோன்பிருந்தது. நாவு நோன்பிருக்கவில்லை.

நிஜாமிடம் சொல்லத்தான் வேண்டும். அவன் சிறுவயது முதல் என் சொல்லைத் தீர்ப்பாகக் கேட்டு வளர்ந்தவன். தகப்பன் என்ற உயரத்திலிருந்து இறங்க எனக்குச் சாய்வுப் பலகை ஏதும் கிடைக்கவில்லை. இந்தச் சீசன் முடியட்டும். அவன் ஆர்டர் அலைச்சலில் இருக்கிறான். தை பிறந்ததும் சொல்கிறேன். அதுவரை பொறு.

முகைதீன்


விருதுநகர்
15.11.2006

மாமா அவர்களுக்கு,

மாவுக்கட்டை எடுத்துவிட்டார்கள். கால் வற்றி, சுருங்கி, மற்றதைவிடச் சிறிதாகத் தெரிகிறது. அது சரியாகிவிடும் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் அவன் அந்தக் காலைத் தரையில் ஊன்றுவதில்லை. நிறுத்தினால் மடக்கிக்கொள்கிறான். ஊன்றும்போதும் நுனிவிரலால் தொட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறான்.

"வாக்கர்ல எம்புட்டு நேரம் உக்கார வைப்பீங்க?" என்று கேட்டார். நான் நேரத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது நடக்கச் சொல்லிக் குடுக்காதும்மா. பிள்ள உக்காந்துக்கிட்டு நுனிக்கால்ல உந்தப் பழகும், அம்புட்டுத்தான். தரையில விடு. தவழட்டும், எதையாவது பிடிச்சு எந்திரிக்கட்டும், விழட்டும். பத்து மாசத்துல நடக்குற பிள்ளையும் உண்டு, ஒன்றரை வயசுல நடக்குற பிள்ளையும் உண்டு. ஆறாப்பு படிக்கையில எவன் மொத நடந்தான்னு யாராச்சும் கேக்கப் போறாங்களா?"

நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஏனென்று சொல்கிறேன். அந்த வண்டியை வாங்கியது நீங்கள். ஆனால் அதற்குள் அவனை உட்கார்த்திவிட்டால் அட்டை ஒட்ட எனக்குக் கை ஓய்கிறதே என்று மகிழ்ந்தது நான். அழும்போதுகூடத் தூக்காமல் காலால் தள்ளிவிட்டிருக்கிறேன். அந்தப் பங்கு என்னுடையது, அதை நான் சுமக்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து என்னால் தூக்க முடியவில்லை.

சீசன் முடியட்டும் என்கிறீர்கள். போன ஞாயிறு உங்கள் மகன் வந்திருந்தார். பிள்ளையின் சுருங்கிய காலைத் தடவிக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. என் அம்மா காப்பி கொடுத்தபோது, "ஒங்க மக கையில பிள்ளய விட்டுட்டுப் போகவே பயமா இருக்கு மாமி" என்றார். அவர் போன பிறகு என் அம்மாவும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். காலண்டருக்குத்தான் சீசன் உண்டு, மாமா. இதற்கு ஏது?

பர்ஹத்


திருத்தங்கல்
3.12.2006

மகள் பர்ஹத்துக்கு,

சொல்லிவிட்டேன்.

கட்டுக்கூடத்தில், ஆட்கள் எல்லோரும் இருக்கும் வேளையில் சொன்னேன். உன்னைப் பலர் முன்னிலையில் ஏச வைத்தவன், தனியறையில் வருந்துவது நியாயமாகாது என்று பட்டது. வெள்ளைத்துரையும் லோடு இறக்க வந்திருந்தான். அன்று போலவே கதவு திறந்திருந்தது. நிஜாம் அட்டை எண்ணிக்கொண்டிருந்தான். "நிஜாம், பிள்ளை தானாகப் போய் விழவில்லை. பலகையைப் போடச் சொன்னவன் நான். முற்றத்தில் நின்று கூப்பிட்டவனும் நான். பர்ஹத்துக்கு இதில் தவறில்லை என்று தெரிந்தே வாய் மூடியிருந்தேன்" என்றேன். இவ்வளவு சிறிய வாக்கியங்களுக்கு இத்தனை நாள் தேவைப்பட்டிருக்கிறது.

அவன் நம்பவில்லை. வெள்ளைத்துரையைப் பார்த்தான். வெள்ளைத்துரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா தம்பி. நானும் சிரிச்சுக்கிட்டு நின்னவந்தான்" என்றான். மாரிச்செல்வி எழுந்து மிஷினை நிறுத்தினாள்.

நிஜாம் குரலை உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான்: "அத்தா, நான் அவள அம்புட்டுப் பேச்சுப் பேசையில நீங்க பக்கத்துலதான இருந்தீக?" ஆம் என்றேன். "ஒங்க பேச்சக் கேட்டுத்தான அத்தா நான் பேசினேன்?" அதற்கும் ஆம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே விருதுநகர் பஸ்ஸுக்குப் போனான். உன்னிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கமாட்டேன். திரும்பி வந்ததிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பெண்ணில்லாத இந்த வீட்டில் சோற்றை அவனே வைக்கிறான், "வச்சிருக்கேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறான். எனக்கு இது தகும்.

வாக்கரைப் பழைய பிளாஸ்டிக் வாங்குபவனிடம் போட எண்ணினேன். அவன் துடைத்து இன்னொரு வீட்டுக்கு விற்பான். ஆகவே சக்கரங்களைக் கழற்றி, உட்காரும் துணியைக் கிழித்துவிட்டுக் கொடுத்தேன். பலகையையும் வாசலிலிருந்து எடுத்துவிட்டேன். பண்டல்களைப் பின்வழியாகத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள். "மொதலாளி புண்ணியத்துல எங்களுக்குக் கழுத்து வலி" என்று மாரிச்செல்வி முணுமுணுக்கிறாள். கூலியைக் கூட்டியிருக்கிறேன்.

ஒன்று உறுதி செய்திருக்கிறேன். இனி எந்நாளும் அவனை அழைக்கமாட்டேன். அந்த அழைப்புக்கு என் வாய் தகுதி இழந்துவிட்டது.

முகைதீன்


விருதுநகர்
12.1.2007

மாமா அவர்களுக்கு,

அவர் வந்தார், பேசினார். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. ஆறிவிட்டது என்று எழுத முடியாது, ஆறத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் கூடத்தில் எல்லோர் முன்னும் சொன்னதை வெள்ளைத்துரை அண்ணன் என் அத்தாவின் பருப்பு மண்டியிலும் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் அம்மா அன்று எனக்கு மட்டும் மீன் பொரித்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உங்கள் மகனை அனுப்பிவிட்டு நீங்கள் அங்கே தனியாக இருந்தீர்களாமே. இது எனக்குப் பிடிக்கவில்லை.

தவுபிக்கைத் தரையில் விட்டிருக்கிறேன். மண்டியில் உளுந்து மூடைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒருநாள் தவழ்ந்து போய் ஒரு மூடையைப் பிடித்து எழுந்தான். மூடை சுமக்கும் சங்கையா அண்ணன் பார்த்துவிட்டு, "ஏலே சின்ன மொதலாளி, மூடையத் தூக்கப் போறியாலே? கூலி கேட்டுறாத, எம் பொழப்பு போயிரும்!" என்றார். அவன் சிரித்துக்கொண்டே தொப்பென்று உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். இப்போது மூடைக்கு மூடை பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நடக்கிறான். முழுப் பாதத்தையும் ஊன்றுகிறான், மாமா. இரண்டு வரிசைக்கு நடுவில் இடைவெளி வந்தால் மட்டும் நின்று யோசிக்கிறான்.

வந்து பாருங்கள். இது மரியாதைக்கு எழுதுவதில்லை.

பர்ஹத்


திருத்தங்கல்
29.1.2007

மகள் பர்ஹத்துக்கு,

வந்தேன். உன் கையால் உண்டேன். உன் அத்தா நாற்காலி போட்டும் உட்காராமல், மண்டித் தரையிலேயே எதிர்வரிசை மூடையோரம் அமர்ந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பாதியில் எழுந்து வந்ததற்கு என்னைப் பொறுத்துக்கொள்.

அவன் எழுந்தான். என்னைப் பார்த்தான். மூடையிலிருந்து ஒரு கையை எடுத்தான். பின் மறுகையையும் எடுத்துவிட்டுத் தனியே நின்றான். தாங்கலின்றி அவன் நிற்பதை முதன்முதலாக அன்றுதான் கண்டேன். ஓரடி வைத்தான். அங்கேயே நின்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, வெகுநேரம் நின்றான். பிறகு உட்கார்ந்து, தவழ்ந்து உன்னிடம் திரும்பிவிட்டான்.

அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும், அம்மா. பச்சிளம் நெஞ்சு மறக்கவில்லை. என்னை நோக்கி வந்தால் என்ன நேரும் என்று அந்தக் கால் அறிந்து வைத்திருக்கிறது. நான் இருக்கும் இடத்தில் அவன் நடக்கமாட்டான். இதைத் தண்டனையாக ஏற்கிறேன். நீங்கள் மூவரும் அங்கேயே இருங்கள். நிஜாம் இனி விருதுநகரிலிருந்தே ஆர்டர் பார்க்கட்டும். தொப்பியை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இப்போது அளவு சிறுத்திருக்கும்.

முகைதீன்


விருதுநகர்
4.2.2007

மாமா அவர்களுக்கு,

மரியாதையை ஒருபக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் கண்டது தவறு.

நான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் பயந்திருந்தால் முதுகு எனக்குச் சொல்லியிருக்கும். பயந்தால் அவன் தோளைக் குறுக்கிக்கொள்வான்; தீபாவளிக்கு முந்தின நாள் முழுக்க அந்தத் தோளை மடியில் வைத்திருந்தவள் நான். அன்று தோள் நிமிர்ந்துதான் இருந்தது. இரண்டு கையும் உங்களை நோக்கி நீண்டிருந்தன. உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்ததும் பாடுகிற வாய் அது. ஒரு சொல் வரட்டும் என்று நின்றான். நானும் காத்திருந்தேன். சங்கையா அண்ணன்கூட மூடையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார். நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தீர்கள். அவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? உட்கார்ந்துவிட்டான்.

மருத்துவமனை வராந்தாவில் நீங்கள் பேசவேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தீர்கள். மண்டியிலும் அதையேதான் செய்தீர்கள். அன்று எனக்கு, இந்த முறை அவனுக்கு. அழைக்கமாட்டேன் என்று நீங்களே உறுதி எடுத்துக்கொண்டீர்கள். நான் எப்போதாவது அப்படிக் கேட்டேனா? அழைத்தது குற்றமென்று என் கடிதம் எதிலாவது இருக்கிறதா, எடுத்துப் பாருங்கள். அழைத்ததை மறைத்தது குற்றம். பலகை போட்ட வாசலில், சக்கரத்தில் இருந்த பிள்ளையை அழைத்தது அறியாமை. இரண்டையும் நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டீர்கள். அதற்குமேல் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளும் தண்டனையில் பாதி பிள்ளையின் மேல் விழுகிறது.

உங்கள் மகனிடம் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "அத்தாவுக்கு இட்லிக்கு மிளகாப்பொடி எடுத்து வைக்க மறந்துட்டு வந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான் இப்போதைக்கு.

தொப்பி வந்தது. காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவன் இன்னும் இடைவெளியைத் தாண்டவில்லை. மூடை பிடித்து வருகிறான், விளிம்பில் நிற்கிறான், யாரையோ எதிர்பார்ப்பது போல எதிர்வரிசையைப் பார்க்கிறான். டாக்டரம்மா அவசரமில்லை என்கிறார். எனக்கும் அவசரமில்லை. பதின்மூன்றாம் மாதம் கடந்துவிட்டதே என்று நீங்களும் விரல் மடக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நாங்கள் மூவரும் வருகிறோம். பலகை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வந்து நானும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். முற்றத்துக்குப் போகாதீர்கள். கூடத்துக்குள், தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவன் எழுந்து நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும்போது அழையுங்கள், உங்களுக்குத் தெரிந்த ராகத்திலேயே. வரலாம், வராமல் உட்காரலாம். அது அவன் பாடு.

வாசற்படிக்கும் அவனுக்கும் நடுவில் நான் நிற்பேன்.

பர்ஹத்